காட்டாமணக்கு காய்த்ததும்

ஷூ கம்பெனி பஸ்ஸில் அம்மா இடது பக்கம் ஜன்னல் ஓரமாகத்தான் உட்காருவாள். எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஏறி, ஆம்பூர் போகும் ரோட்டில் முதல் வளைவைத் தாண்டியதும் இடது பக்கம் எங்கள் நிலம் வரும். முந்தின ஊரிலேயே ஏறிவிடும் அக்கா ஒருத்தி, சாப்பாட்டுப் பையை வைத்து அம்மாவுக்கு அந்த இடத்தைப் பிடித்து வைப்பாள். பஸ் நிலத்தைக் கடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இத்தனை ஏற்பாடு.

அம்மாவுக்குக் கம்பெனியில் பேஸ்டிங் செக்‌ஷனில் வேலை. வெட்டி வந்த தோல் துண்டுகளுக்கு உள்பக்கம் துணி ஒட்ட வேண்டும். பசையைப் பிரஷ்ஷால் தடவி, காற்றாட விட்டு, ஒட்டி, சின்னச் சுத்தியலால் தட்டவேண்டும். அந்தப் பசையின் வாசனை அம்மாவின் தலைமுடியிலும் புடவையிலும் சாப்பாட்டுப் பையிலும் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவாள். "தலைக்குள்ள யாரோ ஒக்காந்துகினு தட்டற மாதிரி இருக்குது" என்பாள். டாக்டரிடம் போனால் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போட்ட பிறகும் வலித்தது.

அவள் இதற்கு முன்னால் நிலத்தில்தான் வேலை செய்தாள். வேர்க்கடலை, கொஞ்சம் கேழ்வரகு. பிறகு கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. பாலாற்றங்கரையில் அது எங்கள் கிணற்றுக்கு மட்டும் வந்த கதையல்ல. தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவுநீர் மண்ணுக்குள் எங்கே எப்படிப் போய்க் கலந்தது என்று யாரும் பார்க்கவில்லை; பம்புசெட்டைப் போட்டால் வாய்க்காலில் நுரை வந்தது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். கடலைச் செடி இலை நுனி கருகி நின்றது. அதற்குப் பிறகுதான் அம்மா கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். தண்ணீரைக் கெடுத்த தொழிலுக்கே வேலைக்குப் போகிறோம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இது எனக்கே பிறகுதான் தோன்றியது.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் சொசைட்டிக்கு எதிரே இருந்த காலி இடத்தில் ஒரு கம்பெனிக்காரர் கூட்டம் போட்டார். வெளியூர்க்காரர். சட்டையை இன் பண்ணி, கையில் மஞ்சள் எண்ணெய் நிறைந்த பாட்டில் வைத்திருந்தார். காட்டாமணக்கு விதையிலிருந்து எடுத்த டீசல் என்றார். ஊரே சிரித்தது. காட்டாமணக்கு எங்களுக்கு வேலி. ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் நிலத்தைச் சுற்றி நடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் அதன் இலைக்காம்பை ஒடித்து, வழியும் பாலில் ஊதிக் குமிழி விடுவோம். சட்டையில் பட்டால் கறை போகாது, அதற்கு அடி வாங்குவோம். அதற்கு மேல் அந்தச் செடியைப் பற்றிப் பேச ஒன்றும் இருந்ததில்லை.

அவர் பாட்டிலை ஒரு பழைய எஞ்சினில் ஊற்றி ஓட்டிக் காட்டினார். எஞ்சின் ஓடியது. சிரிப்பு நின்றது. புகையில் எண்ணெய்ச் சட்டி வாசனை அடித்தது.

"யோவ், யாரோ பஜ்ஜி போடறாங்கய்யா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். மறுபடி சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதையும் வரிசை போட்டு மனதில் வைத்துக்கொள்வது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். அன்று அவர் சொன்னதையும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். தண்ணீர் வேண்டாம். எந்த மண்ணிலும் வரும். ஆடு தின்னாது. ஒருமுறை நட்டால் பல வருஷம் காய்க்கும். விதையைக் கம்பெனியே வந்து எடுத்துக்கொள்ளும். கேட்பதற்கு எங்கள் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது போல இருந்தது.

கூட்டம் கலையும்போது அம்மா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எப்போ சார் காய்க்கும்?"

"மூணாவது வருஷம் நல்லா பிடிச்சிரும்மா."

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "காய் வந்ததும் நீ கம்பெனியை விட்டு நின்னுடு." எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அங்கேதான் போய் நின்றது. காட்டாமணக்கு காய்த்ததும் மாடு வாங்கலாம். காட்டாமணக்கு காய்த்ததும் கொல்லைப்புறம் ஓடு மாற்றலாம். இது எல்லாவற்றுக்கும் முன்னால், காட்டாமணக்கு காய்த்ததும் அம்மா பஸ்ஸில் ஏறவேண்டாம்.

டீசல் கம்பெனி கொடுத்த நாற்று பாதி நிலத்துக்குத்தான் வந்தது. கறுப்புப் பாலிதீன் பையில் விதை போட்டு வளர்த்த, முழங்கால் உயரம்கூட இல்லாத கன்றுகள். மீதி நிலத்துக்கு நாற்று அடுத்த லோடில் வரும் என்றார்கள். அப்பா காத்திருக்கவில்லை. காட்டாமணக்கை எப்படி நடுவது என்று எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது? வேலியில் முற்றின கிளையாகப் பார்த்துப் போத்து வெட்டி, ஒரு முழம் குழியில் ஊன்றி மண்ணை மிதித்துவிட்டால் முடிந்தது. மழைக்கு முன்னால் ஊரில் எல்லாரும் வேலி அடைப்பது அப்படித்தான். அந்த வேலைக்குக் கூப்பிட்டால் கூலி கேட்கமாட்டார்கள். அரிவாளை எடுத்துக்கொண்டு வருவார்கள், மத்தியானம் சோறு போட்டால் போதும். அப்பா அப்படித்தான் கூப்பிட்டார். அவர்களும் அப்படித்தான் வந்தார்கள்.

"இன்னா, ஊரு வேலி எல்லாத்தையும் இங்கயே கொண்டாந்து நட்டுட்டே? நாளைக்கு எங்க நெலத்துல ஆடு பூந்தா உன் டீசலைத்தான் கேப்பேன்" என்று அடுத்த நிலத்துக்காரர் சொன்னார்.

"கேளு, கேன் எடுத்துனு வா" என்றார் அப்பா.

போத்துகள் இரண்டு வாரத்தில் துளிர்த்தன. கம்பெனி நாற்று அப்படியே நின்றது. அடுத்த மாதம் போத்து நட்ட பக்கம் பச்சையாகத் தெரிந்தது. நாற்று நட்ட பக்கம் கட்டாந்தரையில் யாரோ குச்சி நட்டது போல இருந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்று அம்மா சொன்னாள். "பாதி நெலம் முழிச்சிக்கிச்சு, பாதி தூங்குது."

அப்பா கொஞ்ச நாள் பொறுத்தார். பிறகு ஒரு காலையில் நாற்று நட்ட பக்கத்தை முழுக்கப் பிடுங்கிவிட்டு அங்கேயும் போத்து ஊன்றினார். நான் பிடுங்கிய கன்றுகளை வரப்பில் அடுக்கினேன். ஒவ்வொன்றுக்கும் கீழே வெள்ளையாக ஒரு வேர், முள்ளங்கி போல, மேலே இருந்த செடியைவிட நீளமாக இருந்தது. சிலது முழுதாக வரவில்லை. பாதியில் அறுந்து மீதி மண்ணுக்குள்ளேயே நின்றது. "இதுக்கு வேரு ஜாஸ்திப்பா" என்றேன்.

"வேரையா ஆட்டி எண்ணெய் எடுக்கப் போறாங்க?" என்றார் அப்பா. நல்ல கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

இரண்டாம் வருஷம் செடிகள் ஆள் உயரம் வளர்ந்தன. அந்த வருஷம்தான் ஷூ கம்பெனியில் அம்மாவைத் தையல் மெஷினில் உட்கார வைக்க ட்ரெய்னிங்குக்குக் கூப்பிட்டார்கள். இது எனக்கு அம்மா சொல்லித் தெரியவில்லை. பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கும் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்து, அப்பா முன்னால் சண்டை போட்டாள்.

"நீங்களே கேளுங்கண்ணே. பேஸ்டிங்ல இருந்து எப்படா வெளிய வரலாம்னு அங்க அவ அவ தவம் கெடக்கறா. சூப்பர்வைசரே வந்து, மெஷின் கத்துக்கறியாம்மான்னு கேக்கறாரு. இவ வேணாம்னு சொல்றா. ஏண்டின்னா, காய் வரப்போவுதாம்."

அம்மா சிரித்துக்கொண்டே டீ ஆற்றினாள். "மெஷினைக் கத்துக்கினு நடுவுல விட்டுட்டு வந்தா அவங்களுக்கும் பேஜாருதானேக்கா. இன்னும் கொஞ்ச நாள். நிக்கப் போறவளுக்கு எதுக்கு அந்த எடம்? நீ போ, நீ கத்துக்கோ."

"நான் போவாம? ஒன்ன மாதிரி என்கிட்ட டீசலா இருக்குது?" என்றாள் அக்கா. அன்றிலிருந்து பஸ்ஸில் அம்மாவுக்கு டீசல்காரம்மா என்று பேர் வந்தது. "டீசல்காரம்மா ஏறிட்டாங்க, வண்டி ஓடும்" என்று டிரைவர்கூடச் சொல்வாராம். அம்மா இதை வீட்டில் வந்து சொல்லும்போது வெட்கப்பட்டாள், ஆனால் சொல்லாமல் இருக்கமாட்டாள்.

அக்கா மெஷினுக்குப் போனாள். அம்மா பசையிலேயே இருந்தாள்.

அடுத்த கோடை கடுமையாக இருந்தது. செடிகள் இலையை உதிர்த்தன. அது அந்தச் செடியின் இயல்பு, மழை வந்தால் துளிர்க்கும் என்று அப்பா சொன்னார், சரிதான். ஆனால் ஒரு நாள் சாயங்காலக் காற்றில் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. நிமிர்த்திப் பார்த்தால் அடியில் நாலு பக்கமும் கயிறு போல மேலோட்டமான வேர்கள். ஆழத்துக்கு ஒன்றுமே போகவில்லை. வேலியில் நெருக்கமாக நிற்கும்போது ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்கின்றன. வேலி ஓரத்தில் வாய்க்கால் ஈரமும் இருக்கும். நடு நிலத்தில் தனித்தனியாக நின்றபோது அவற்றுக்குப் பிடி இல்லை.

சாயாமல் நின்றவை அந்த மழைக்குப் பிறகு காய்த்தன. காய்த்தன என்று சொல்லவேண்டும், ஏனென்றால் காய் இருந்தது. ஒரு கொத்தில் ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று கறுத்து வெடித்திருக்கும். ஒரே நாளில் பறித்து முடிக்க முடியாது. ஒவ்வொரு செடியாகப் போய், முற்றியதை மட்டும் பார்த்துக் கிள்ளவேண்டும். மறுபடி அடுத்த வாரம் அதே செடிக்கு வரவேண்டும். அந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டால் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் ஷூ கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அதனால் அம்மாவின் ஒரே விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் பறித்தோம். அம்மா கண்ணாடியை ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டு கொத்துக்கொத்தாகப் பார்ப்பாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் கற்பனை செய்யவில்லை. ஒரு ஞாயிறு, கையில் பால் கறையோடு, "இந்த வாசனை தேவல" என்றாள். பசை வாசனையைவிட என்று அர்த்தம்.

டீசல் கம்பெனிக்காரரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொன்னது. விதையை எடுக்க வண்டி வரவில்லை. அப்பா மூட்டைகளைப் பஸ்ஸின் பின் சீட்டுக்கு அடியில் தள்ளி ஆம்பூருக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கே புளி, வேப்பங்கொட்டை, புங்கங்கொட்டை எல்லாம் வாங்கும் ஒரு பாயின் மண்டி இருந்தது. எங்கள் பழைய கடலையும் அவரிடம்தான் போகும்.

பாய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இன்னாண்ணே இது?"

"காட்டாமணக்கு பாய். டீசல் எடுக்கறாங்களே."

"டீசல்னா பங்க்குக்குப் போவணும். மண்டிக்கு வந்துட்டீங்களே" என்று சிரித்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. உங்களுக்கு முன்னாடியே ரெண்டு பேரு கொண்டாந்தாங்க. நானும் எண்ணெய் மில்லுல கேட்டுப் பார்த்துட்டேன். இதை ஆட்டின மெஷின்ல அடுத்து கடலை ஆட்டினா எவன் வாங்குவான்? வெஷம்ல? புண்ணாக்கையும் மாட்டுக்கு வெக்க முடியாது. வேப்பங்கொட்டை கசந்தாலும் அதுக்கு ஒரு கிராக்கி இருக்குது. இதுக்கு இல்ல."

"கம்பெனியில வாங்கிக்கறேன்னாங்க பாய்."

"அந்தக் கம்பெனி எங்க இருக்குதுன்னு சொல்லுங்க, நானே லாரி வெச்சு அனுப்பறேன்."

பாய் டீ வரவழைத்தார். மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னார், யாராவது கேட்டால் தள்ளிவிடுகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். பாயின் இடத்தை எதற்கு அடைப்பது என்று நினைத்திருப்பார். அல்லது வெறுங்கையோடு வீட்டுக்குப் போனால் விற்றுவிட்டதாக அம்மா நினைத்துவிடுவாள் என்று பயந்திருப்பார்.

நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். உள்ளே போய் அடுத்த நாளுக்கான சாப்பாட்டு டப்பாவைக் கழுவினாள்.

ஆனாலும் அவள் உடனே விட்டுக்கொடுத்துவிடவில்லை. அடுத்த வருஷமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலத்துக்குப் போனாள். பறிக்க அவ்வளவாக ஒன்றும் இருக்கவில்லை. செடிகளுக்கிடையே நடந்துவிட்டு வருவாள். மெஷின் இடம் இனிமேல் கிடைக்குமா என்று அம்மா கம்பெனியில் கேட்டதாகவும், இப்போது சின்னப் பெண்களைத்தான் எடுக்கிறார்கள் என்று சொன்னதாகவும் அந்த அக்கா மூலம் ஒருமுறை காதில் விழுந்தது. அம்மா அதையும் வீட்டில் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருஷம் அப்பா செடிகளை வெட்டினார். விறகுக்கும் ஆகாத மரம். எரித்தால் புகை கண்ணைக் கரிக்கும். வெட்டியதை இழுத்து நிலத்தின் ஓரத்தில் நாலு பக்கமும் போட்டார். மழை வந்தது. போட்ட கிளைகள் கிடந்த இடத்திலேயே வேர் பிடித்துத் துளிர்த்தன. இன்று எங்கள் நிலத்தைச் சுற்றி ஆலங்காயம் வரைக்கும் தேடினாலும் கிடைக்காத அடர்த்தியான வேலி நிற்கிறது. உள்ளே வேலிக்காத்தான் முள் முளைத்துக் கிடக்கிறது.

நான் காட்பாடியில் ரயில் மாறிப் போய் வந்து வேதிப் பொறியியல் படித்தேன். அந்தச் செடிதான் என்னை அங்கே அனுப்பியது என்று சொன்னால் அழகாக இருக்கும். அப்படி இல்லை, அந்த மதிப்பெண்ணுக்கு அந்தப் பிரிவு கிடைத்தது. ஆனால் நூலகத்தில் காட்டாமணக்கைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். விதையிலிருந்து வரும் செடிக்கு ஆணிவேர் உண்டு, போத்துக்கு இல்லை என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். தூங்குவதாக நாங்கள் நினைத்த பாதி நிலம் தூங்கவில்லை. கீழே தண்ணீரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. அன்று நூலகத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

இப்போது வாணியம்பாடிப் பக்கம் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை. தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் கொழுப்பு, தோல் ஷாப்புகளுக்குப் பெரிய தலைவலி. அதை உருக்கி டீசலாக்க முடியுமா என்று பார்க்கிறோம். முடிகிறது, சின்ன அளவில். கிளிசரின் அடியில் தங்கி, மேலே டீசல் தெளிவாக மஞ்சள் நிறத்தில் நிற்கும்போது எனக்கு அந்தப் பால் சொசைட்டி ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வரும். யாராவது பார்க்க வந்தால், ஊர்களில் போய்க் கூட்டம் போடலாமே என்பார்கள். முதலில் பெரிய அளவில் ஓடட்டும் என்று நான் சொல்லிவிடுவேன். இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம்.

போன பொங்கலுக்கு ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அதே கலரு" என்றார். பிறகு மூடியைத் திருகிக்கொண்டே, எண்ணெயைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்: "அந்த நாத்தை நான் புடுங்காம வுட்டிருந்தா?"

அவருக்கு வேர் விஷயம் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாய்ந்த செடிகளை நிமிர்த்தியபோதே அவருக்குப் புரிந்திருக்கலாம். இத்தனை வருஷமும் அதை அவர் கேட்கவில்லை.

நான் யோசிக்காமல் பதில் சொல்லவில்லை. மனதில் வழக்கம்போல வரிசை போட்டேன். அந்த வேர்கள் ஆழம் போயிருந்தாலும் அங்கே இருந்தது உப்புத் தண்ணீர்தான். நின்றிருந்தாலும் வெறும் மழையை நம்பிக் கம்பெனிக்காரர் சொன்ன அளவு காய்க்காது; எங்கேயும் காய்க்கவில்லை. காய்த்திருந்தாலும் பறிக்க ஆள் இல்லை. பறித்திருந்தாலும் வாங்க ஆள் இல்லை. "அப்பவும் வந்திருக்காதுப்பா" என்றேன். பொய் இல்லை.

அவர் தலையாட்டினார். ஆனால் முகத்தில் ஆறுதல் தெரியவில்லை. தன் கையால் கெட்டது என்று நினைத்தாலாவது, நல்லபடியாக நடந்திருக்கக் கூடிய ஒரு வருஷம் அவரிடம் மிச்சமிருந்தது. நான் அதையும் எடுத்துக்கொண்டேன் போல.

அம்மா பாட்டிலை மோந்து பார்த்து, "சீ, தோல் நாத்தம்" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் இன்னும் பேஸ்டிங்கில்தான் இருக்கிறாள். பசை மாறிவிட்டது, இப்போது வாசனை கம்மி என்கிறார்கள். சனிக்கிழமை துணி கட்டுவது மாறவில்லை.

நான் சொன்னேன்: "போதும்மா. நின்னுடு. நான்தான் சம்பாதிக்கறேன்ல."

"நின்னுட்டு?"

"வீட்ல இரு. நெலத்துக்குப் போ. உனக்குப் புடிக்குமே."

"அப்போ புடிச்சிது" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள். "அப்போ விட்டிருந்தா ஓடியாந்து நின்னிருப்பேன். இப்போ இன்னா இருக்குது அங்க? கம்பெனின்னா பேச நாலு பேரு இருக்கறாங்க. இங்க உங்கப்பா வேலியைத்தான் பார்த்துனு ஒக்காந்திருப்பாரு."

"ஆமா, உன் கம்பெனியில பேசறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க" என்றார் அப்பா.

"வேற எதுக்கு எனக்குக் குடுக்கறாங்களாம்?" என்றாள்.

பொங்கல் விடுமுறை முடிந்து நான் கிளம்பும் காலையில் அப்பாவோடு நிலத்துக்குப் போனேன். ரோட்டுப் பக்கம் வேலி வளர்ந்து கிளைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தார். கம்பெனி பஸ் வளைவு திரும்பி வந்தது. வெட்டிய கிளை ஒன்றைக் கையில் பிடித்தபடி நான் ஓரமாக நகர்ந்து நின்று கையைத் தூக்கினேன்.

இடது பக்கம் ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னப் பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பக்கம், டிரைவருக்குப் பின்னால் இருந்தாள். முன் சீட்டுக்காரியின் தோளைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா எப்போல இருந்து அந்தப் பக்கம் ஒக்கார்றாங்க?" என்று கேட்டேன்.

"ரொம்ப வருஷமாச்சு" என்றார் அப்பா. பஸ் போன பிறகு மறுபடி வேலியைக் கழிக்க ஆரம்பித்தார்.